பார்க்கின்சன் மாத்திரைக்குப் பணம் தரும் பாலிசி எது?

2025 அக்டோபர் 6
கொளத்தூரிலிருந்து ஒரு கேள்வி

அப்பாவுக்கு 67 வயது. தனியார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் என்று உறுதியாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மாத்திரைச் செலவு மாதம் ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. போன முறை மருத்துவர் புதிதாக எழுதிய ஒரே மாத்திரை அதில் பாதியைத் தின்கிறது. இதுவரை பாலிசி எதுவும் எடுக்கவில்லை. தெரிந்த முகவர் ஒருவர், "எல்லாச் செலவும் அடங்கும், கவலைப்படாதீர்கள்" என்கிறார். மருந்துச் செலவை முழுதாகத் தரும் பாலிசி எது? பெயர் மட்டும் சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம்.

2025 அக்டோபர் 6, இரவு
ஆதம்பாக்கத்திலிருந்து

பெயர் சொல்ல முடியாது தம்பி, விளக்கம்தான் தர முடியும். தனிநபர் வாங்கக்கூடிய பாலிசிகளில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. நம் ஊர் மருத்துவக் காப்பீடு மருத்துவமனையில் படுத்தால் பணம் தரும். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மாத்திரை விழுங்கினால் தராது. பார்க்கின்சனோ பல வருடங்கள் வீட்டிலேயே, மாத்திரையிலேயே ஓடும் நோய்.

மருத்துவமனையில் சேர்வதற்கு முன் 30 அல்லது 60 நாள், வீடு திரும்பிய பின் 60 அல்லது 90 நாள் (சில பாலிசிகளில் 180 நாள்) மருந்துச் செலவு தருவார்கள். அதுவும் எந்த நோய்க்காகச் சேர்ந்தாரோ அந்த நோய்க்கான மருந்துக்கு மட்டும். இடுப்பு எலும்பு முறிந்து சேர்ந்தவருக்கு, பார்க்கின்சனின் அடிப்படை மாத்திரையான லெவோடோபாவின் பில்லை நீட்டினால் திரும்பி வந்துவிடும்.

உங்கள் முகவர் சொன்ன "எல்லாம்" பாலிசியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பக்க எண் வேண்டும்.

2025 அக்டோபர் 7

தம்பி பதில் எழுதியிருக்கிறார். முகவர் பக்க எண் தரவில்லை, யோசனை தந்திருக்கிறார்: "விண்ணப்பத்தில் நோயை எழுத வேண்டாம், சில வருடம் ஓட்டிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்."

எனக்கும் இதே யோசனை சொல்லப்பட்டது, என் தங்கை வீட்டுக்காரருக்காக விசாரித்தபோது. காபி குடித்துக்கொண்டே, ஏதோ சலுகை தருவதுபோல் சொன்னார் எனக்கு வாய்த்த முகவர்.

அந்த யோசனைக்குள் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. 2024 முதல், முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் (அதுவரை அந்த நோய்க்குப் பணம் கிடையாது) அதிகபட்சம் 3 ஆண்டுகள். முன்பு 4 ஆக இருந்தது. தொடர்ந்து 5 ஆண்டுகள் பிரீமியம் கட்டிவிட்டால், மறைத்தார் என்று காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. இது முன்பு 8 ஆண்டுகள். ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்த 5 ஆண்டுப் பாதுகாப்பும் போய்விடும். அந்த 5 ஆண்டுக்குள் உங்கள் அப்பா ஒரு முறையாவது மருத்துவமனையில் சேராமல் இருப்பாரா?

மருத்துவமனைச் சுருக்க அறிக்கையின் முதல் வரியைப் பாருங்கள். பயிற்சி மருத்துவர் எழுதியிருப்பார்: "இன்ன ஆண்டு முதல் பார்க்கின்சன் நோயாளி, லெவோடோபா எடுத்து வருகிறார்." க்ளெய்மைப் பரிசீலிப்பவர் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். உங்கள் அம்மாவே அவசரப் பிரிவில் பதற்றத்தோடு வருடத்தைச் சொல்லியிருப்பார். நோயை எழுதுங்கள். எந்த மாதம் தெரிந்தது, என்னென்ன மாத்திரை, எல்லாவற்றையும். படிவத்தை முகவர் நிரப்பினால் நகல் வாங்கி வரி வரியாகச் சரிபாருங்கள். கையெழுத்து உங்கள் அப்பாவுடையது.

2025 அக்டோபர் 9

"வெளிநோயாளிச் செலவையும் தரும் கூடுதல் வசதி இருக்கிறதே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. எனக்குக் காட்டிய ஒன்றில் எட்டாயிரம் கூடுதலாகக் கட்டினால் ஆண்டுக்குப் பத்தாயிரம் வரை மருத்துவர் கட்டணம், பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்துத் திரும்ப வரும். அதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு. குறிப்பிட்ட செயலி வழியாகத்தான் மருந்து வாங்க வேண்டும். உங்கள் அப்பாவின் ஒரு மாதச் செலவுக்கு அது கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மீதிப் பதினொரு மாதம்?

2025 அக்டோபர் 12

நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அன்பர் நீளமாக எழுதியிருக்கிறார்: ஒவ்வோர் ஆண்டும் பாலிசியின் மருந்துப் பட்டியலைப் பார்க்க வேண்டும், உங்கள் மாத்திரை எந்த விலை அடுக்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை பாலிசியை மாற்றிக்கொள்ளலாம், என்று.

அங்கே சரி. மெடிகேர் என்னும் அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டில் மருந்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 2025இல் அதன்கீழ் வரும் மருந்துகளுக்கு நோயாளி கையிலிருந்து கொடுப்பது ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் போகாது என்று வரம்பும் வைத்துவிட்டார்கள். என் கணவரின் அண்ணன் மகனும் அங்கிருந்து தொலைபேசியில் "சித்தி, பட்டியலைப் பார்த்தீர்களா?" என்று கேட்பான். எந்தப் பட்டியலைப் பார்ப்பது? இங்கே பாலிசியோடு வரும் பட்டியல் மருத்துவமனைகளின் பட்டியல். இரண்டாவது பட்டியல் ஒன்றும் உண்டு, எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்பது.

2025 அக்டோபர் 13

முதல் நாள் எழுதியதில் "தனிநபர் வாங்கக்கூடிய" என்று போட்டதற்குக் காரணம் உண்டு. மாத்திரைக்கும் பணம் தரும் ஏற்பாடுகள் சில இருக்கின்றன; கடையில் வாங்க முடியாது, வேலை பார்த்திருக்க வேண்டும். மத்திய அரசில் ஓய்வு பெற்றவர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். என்னும் மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் நல மையங்களில் மாத்திரை கையிலேயே கிடைக்கும். ரயில்வேக்காரர்களுக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை. முன்னாள் ராணுவத்தினருக்குத் தனித் திட்டம். சென்னையில் சி.ஜி.எச்.எஸ். வசதி இருந்தும், அட்டைக்குப் பணம் கட்டாமலே இருப்பவர்களை எனக்குத் தெரியும். பார்க்கின்சன் வந்த வீட்டில் அது நஷ்டக் கணக்கு.

எங்கள் வீட்டுக் கதை வங்கி. என் கணவருக்கும் பார்க்கின்சன்தான்; வங்கியில் ஓய்வு பெற்றவர். வங்கி ஊழியர்களுக்கான குழுக் காப்பீட்டில், மருத்துவமனையில் சேராமலே வீட்டில் எடுக்கும் சிகிச்சைக்குப் பணம் தரும் நோய்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. பார்க்கின்சன் அதில் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் அந்த வசதியோடும் எடுக்கலாம், இல்லாமலும் எடுக்கலாம். இருந்தால் பிரீமியம் கணிசமாக ஏறும்.

அந்த வசதி இருந்த வருடங்களில் பில் அனுப்புவது எனக்கு ஓர் உத்தியோகமாகவே ஆகிவிட்டது. மருந்துக் கடைக்காரர் தரும் பில் வெப்பத் தாளில் அச்சாகிறது. பீரோவில் வைத்து ஒரு கோடை போனால், எடுக்கும்போது எண்கள் சாம்பல் நிறத்தில் கரைந்திருக்கும், கடையின் பெயர் மட்டும் மிஞ்சும். "தொகுதி எண் தெளிவாக இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று முதல் கடையிலிருந்து வரும் வழியிலேயே நகல் எடுத்துவிடுவேன். நகல் கடைப் பையன், "இன்னும் எழுத்து நன்றாகத்தானே இருக்கிறது, இதற்கு எதற்கு நகல்?" என்பான்.

அடுத்தது மருந்துச் சீட்டு. எத்தனை காலத்துக்கு என்று மருத்துவர் எழுதாவிட்டால், அந்தச் சீட்டு 90 நாளுக்குத்தான் செல்லும். "தொடர்ந்து சாப்பிடவும்" என்பது காலம் ஆகாது. எங்கள் மருத்துவரிடம் "ஆறு மாதங்களுக்கு" என்று எழுதிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஆறு மாதத்தில் குணமாகிவிடும் என்று எழுதவா?" என்றார். எழுதிக் கொடுத்தார்.

2025 அக்டோபர் 14

அந்த வசதியை இப்போது வைத்திருக்கிறோமா என்று கேட்கிறார்கள். இல்லை. கூடுதல் பிரீமியமும் கிடைக்கும் தொகையும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டதாகக் கணக்குப் போட்டு, அந்த வசதியைக் கைவிட்டோம். அந்தக் கணக்கில் அடுத்த வருட மாத்திரை விலை இல்லை. புதிய மாத்திரை சேரும்போதெல்லாம் விட்டிருக்க வேண்டுமா என்று யோசிக்கிறேன், சேராத மாதங்களில் நல்ல காரியம் செய்தோம் என்று நினைக்கிறேன்.

2025 அக்டோபர் 19

நாளை தீபாவளி. லேகியத்தைப் பற்றி ஒரு அம்மா கேட்டிருக்கிறார். லேகியத்தால் லெவோடோபாவுக்குத் தொல்லை வருமா என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். பருப்பு, பால், வடை போன்ற புரதம் நிறைந்த உணவோடு மாத்திரையைச் சேர்த்துப் போட்டால் அது உடலில் ஏறுவது குறையும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டுவிட்டு வடையைச் சாப்பிடட்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் கூடவே தராதீர்கள்.

2025 அக்டோபர் 25

பாலிசியைத் தேடும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள் என்று சொல்ல நினைத்து விட்டுப்போயிற்று. லெவோடோபா-கார்பிடோபா விலைக் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்து. மாத்திரை ஒன்றுக்குச் சில ரூபாய்தான். இந்த நோயின் முதுகெலும்பான மருந்தே மலிவு. பில்லை ஏற்றுவது அதற்குத் துணையாக வருபவை: சாஃபினமைட், ஓபிகாபோன், ரோடிகோடின் ஒட்டுப்பட்டை போன்றவை. அபோமார்ஃபின் மருந்தைத் தோலுக்கடியில் செலுத்தும் பம்பு வந்துவிட்டால் கணக்கே வேறு.

உங்கள் அப்பாவுக்குப் புதிதாக எழுதிய மாத்திரை எதற்காக, அதனால் மாத்திரைக்கு மாத்திரை இடையில் கை கால் கட்டிப்போகும் நேரம் எவ்வளவு குறைந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த சந்திப்பில் காட்டுங்கள். குறையவில்லை என்றால் நிறுத்தலாமா என்று அவரே சொல்வார். நீங்களாக நிறுத்தக் கூடாது. பார்க்கின்சன் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம்.

மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். இருக்கும் மருந்து மலிவு; எல்லாம் இருக்காது. வேறு நிறுவன மாத்திரைக்கு மாறுவதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டை மாற்றி, நடை தடுமாறியபோது எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை.

2025 நவம்பர் 3

"அப்படியானால் பாலிசியே வேண்டாமா?" என்று தம்பி கேட்கிறார். வேண்டும். மாத்திரைக்காக அல்ல, விழுவதற்காக. இந்த நோயாளிகள் விழுவார்கள், புரை ஏறி நிமோனியா வரும், சிறுநீர்த் தொற்று வரும். ஒவ்வொன்றும் லட்சக் கணக்கு.

போன மழைக்காலத்தில் என் கணவருக்கு நிமோனியா. தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். வீட்டில் அவருக்கு மாத்திரை காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு. வார்டில் மருந்துத் தள்ளுவண்டி எட்டு மணிக்குத்தான் வரும். நான் கொண்டுபோன மாத்திரைப் பெட்டியைச் செவிலியர் வாங்கி வைத்துக்கொண்டார். எங்கள் மருந்தகத்து மருந்துதான் தரலாம், விதி, என்றார். மருந்தகத்தில் அவருடைய மாத்திரையில் ஒன்று இல்லை. பத்து மணிக்கு அவர் மரக்கட்டை மாதிரி கிடந்தார். கண் மட்டும் என்னைத் தேடியது. தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. வாந்தி வந்ததும் வழக்கமான ஊசியைக் கொண்டுவந்தார்கள், மெட்டோகுளோப்ரமைட். அது பார்க்கின்சனை இன்னும் மோசமாக்கும் மருந்து. நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய பிறகுதான் நிறுத்தினார்கள். அந்தத் தாளை பிளாஸ்திரி போட்டுக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினேன். வேளைகள், தரக்கூடாத மருந்துகள் (மெட்டோகுளோப்ரமைட், ஹாலோபெரிடால்), நரம்பியல் மருத்துவரின் எண். யாரும் கழற்றவில்லை.

கேஷ்லெஸ் ஒப்புதல், அதாவது மருத்துவமனைக்குக் காப்பீட்டு நிறுவனமே நேராகப் பணம் தரும் ஒப்புதல், சுமுகமாக வந்தது. விதிப்படி ஒரு மணி நேரத்தில் முதல் ஒப்புதல், வீடு திரும்பும்போது மூன்று மணி நேரத்தில் இறுதி ஒப்புதல். கடைசி பில்லில் பார்க்கின்சன் மாத்திரைகளும் இருந்தன, அவற்றுக்கும் பணம் வந்தது. வீட்டுச் சிகிச்சை வசதியை விட்ட பிறகு அவருடைய மாத்திரைக்குக் காப்பீடு பணம் தந்தது, அவர் மாத்திரையை விழுங்க முடியாமல் கிடந்த அந்த வாரம் மட்டும்தான்.

2025 நவம்பர் 4

மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை பற்றி இருவர் கேட்டார்கள். செலவு பத்து லட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும் போகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட விதிகளில், பாலிசியிலிருந்து விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. ஆனால் உள்வரம்பு வைக்கலாம். பாலிசித் தொகை பத்து லட்சம் என்று மகிழ்ந்து, உள்ளே பார்த்தால் இதற்குப் பாதிதான் என்று இருக்கும். பேட்டரி மாற்றுவதும் சில வருடங்களில் வரும், அதையும் கேளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே 2019 விதிகளில் இன்னொரு பட்டியலும் இருந்தது: விண்ணப்பிக்கும்போதே இருந்தால், விண்ணப்பிப்பவருடைய ஒப்புதலோடு நிரந்தரமாக விலக்கிவைக்கலாம் என்ற நோய்கள். அதில் பார்க்கின்சன் உண்டு. சிகிச்சையை விலக்கக் கூடாது, நோயை விலக்கலாம்! எந்த மேசையில் எதை எழுதினார்களோ.

2025 நவம்பர் 16

வருமான வரி. பழைய முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 80டிடிபி பிரிவில், 60 வயது கடந்தவரின் சிகிச்சைச் செலவுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. பார்க்கின்சன் பெயரோடு பட்டியலில் இருக்கிறது. ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று நரம்பியல் நிபுணர் சான்று தர வேண்டும். காப்பீட்டில் திரும்பி வந்த தொகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். பாலிசியே இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு 80டி பிரிவில் 50,000 வரை கழிவு உண்டு. தம்பி இந்த வருடம் இதையாவது விடாதீர்கள்.

அதே சதவீதச் சான்றால் இன்னொரு பயனும் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சன் ஒன்று. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிக்கொள்ளலாம். என் கணவர் ஒரு வருடம் மறுத்தார். "எனக்கு என்ன ஊனம்?" என்று கேட்டார், சட்டைப் பித்தானை நான் போட்டுவிட்டுக்கொண்டிருக்கும்போது.

2025 டிசம்பர் 1

அரசு வழிகளைச் சொல்லவில்லை என்று ஒரு குறை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் 5 லட்சம் வரை. 70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டம். இரண்டும் படுக்கைக்குத்தான். மாத்திரைக்கு என்றால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் வெளிநோயாளிப் பிரிவு. காத்திருக்க வேண்டும், ஆனால் லெவோடோபா இலவசம். எங்கள் தெருவில் ஒரு தாத்தா தனியார் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அடிப்படை மாத்திரையை அங்கே வாங்கிக்கொள்கிறார். ஒரு வெட்கமும் இல்லை, இருக்கவும் தேவையில்லை.

2025 டிசம்பர் 14

தம்பியின் அப்பாவுக்கு ஒரு நிறுவனம் மறுத்துவிட்டது, இன்னொன்று நிபந்தனையோடு ஏற்றிருக்கிறது: பார்க்கின்சனும் அதன் விளைவுகளும் நிரந்தரமாக விலக்கு, மற்றவை சரி. 65 வயது வரைதான் நிறுவனங்கள் புதுப் பாலிசி தந்தாக வேண்டும் என்ற வரம்பு 2024இல் போய்விட்டது, இந்த அளவாவது கிடைத்தது. செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் 18 சதவீதம் மிச்சம். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றவும் முடியாது.

"கையெழுத்துப் போடலாமா அக்கா?" என்கிறார். போடலாம், ஆனால் "விளைவுகள்" என்ற சொல்லை அப்படியே விடாதீர்கள். குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தால் அது விபத்தா, பார்க்கின்சனின் விளைவா? நிமோனியா? மாரடைப்பு பார்க்கின்சனின் விளைவல்ல என்பதில் சந்தேகமே இல்லை, கண்புரையும் அல்ல. விழுவதுதான் தகராறு. மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் யார் என்ன சொன்னாலும் அது காற்றோடு போகும். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அதற்குள் பதில் வாங்கிவிடுங்கள்.

உங்களுக்கும் உங்கள் தங்கைக்கும் கடும் நோய்க் காப்பீடு எடுக்கச் சொல்லி அதே முகவர் வந்தால், பார்க்கின்சன் அதில் எப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நோய் வந்தால் மட்டும் போதாது. குளித்தல், உடுத்தல், உண்ணல் போன்றவற்றில் சிலவற்றைப் பிறர் உதவியின்றிச் செய்யவே முடியாத நிலை வந்தால்தான் தொகை என்று இருக்கும்.

2025 டிசம்பர் 29

நிறுவனத்திடமிருந்து பதில் வந்துவிட்டதாம். தம்பி அதை அப்படியே போட்டிருக்கிறார்: விபத்தால் ஏற்படும் எலும்பு முறிவு அடங்கும், விலக்கப்பட்ட நோயால் நேரடியாக ஏற்பட்டது என்று மருத்துவ ஆவணங்கள் காட்டினால் அடங்காது.

எதிர்பார்த்ததைவிட நல்ல பதில். இதை அச்செடுத்துப் பாலிசியோடு வையுங்கள், வெப்பத் தாளில் அல்ல. நாளை விழுந்தால், அவசரப் பிரிவில் என்ன நடந்ததோ அதை நடந்தபடி சொல்லுங்கள். ஈரத்தில் கால் வழுக்கியது என்றால் ஈரம், வாசற்படி தடுக்கியது என்றால் வாசற்படி. "பார்க்கின்சன் இருக்கிறது, அதனால் விழுந்துவிட்டார்" என்று அம்மா பொத்தாம்பொதுவாகச் சொல்லி அது அறிக்கையில் ஏறினால், பிறகு தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். போகலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, 50 லட்சம் வரையான தகராறுகளைப் பார்க்கிறார்கள். நிறுவனத்துக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு மாதம் பதில் இல்லை அல்லது பதில் பிடிக்கவில்லை என்றால்தான் அங்கே எடுப்பார்கள்.

மாத்திரைக்கு மாதாமாதம் ஒரு தொடர் வைப்பு போட்டுக்கொள்ளுங்கள், அந்த எட்டாயிரம் கூடுதல் பிரீமியத்தை அதில் போட்டுத் தொடங்குங்கள். குளியலறையில் கைப்பிடி மாட்டிவிட்டீர்களா?